மூன்று பேர் சொன்னது

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண், அவளுக்கு இருபுறமும் கணவனும் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் அவ புருஷனே இல்லைங்கறா, மச்சான்,” என்றான் கணவன். “வெள்ளைக்கார டாக்டர் நரம்புத் தளர்ச்சிங்கறார். வைத்தியர் பித்தம்ங்கறார். திருவெள்ளறைப் பூசாரி பேய் பிடிச்சிருக்குங்கறார்.”

“நீங்க யாரை நம்புறீங்க, மாப்பிள்ளை?”

“மூணு பேர் சொன்னதையும் செஞ்சு பார்த்துட்டேன். அப்பவும் அதையேதான் சொல்றா.”

அந்தப் பெண் நிதானமாக அண்ணன் பக்கம் திரும்பினாள். “மூணு பேரும் என்னையேதான் பார்த்தாங்க, அண்ணே. இவரை யாருமே பார்க்கலை. நீங்களாவது நல்லா பாருங்க.”

அண்ணன் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. ஸ்ரீரங்கம் வரும்வரை அவர் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இறங்கும்போது தங்கையின் கையை இறுகப் பிடித்திருந்தார்.