கோச்சைக் கலைத்த கிழமை

2016 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, லின்ஃபீல்ட் என்ற புறநகரிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத் தாயும் அகன்ற தோளுடைய மகனும் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஆரும் கேட்டா, ரக்பி கோச் வேலையை நீயா விட்டதெண்டு சொல்லு."

"ஏன் அம்மா? தோத்தம், வேலையால கலைச்சுப்போட்டாங்கள். கலைபடாத கோச் உலகத்திலேயே இல்லை."

"நீ பேசாம மாமான்ர அக்கவுண்ட்ஸ் ஒஃபிசுக்குப் போவன்."

"மாட்டன். எங்களைத் தோற்கடிச்ச டீமே என்னைக் கூப்பிட்டிருக்கு. ஓம் எண்டிட்டன்."

தாய் மடியிலிருந்த பூப்பையைச் சரிசெய்தார்.

"கலைச்சவங்களோட எப்ப மேட்ச்?"

"அடுத்த சீசன் முதல் மேட்ச்சே அவங்களோடதான்."

"அப்ப கலைச்சதெண்டே சொல்லுவம். ஆரைக் கலைச்சவங்கள் எண்டு அண்டைக்கு அவங்களுக்கு விளங்கட்டும்."