குட்டி பிறந்த தேதி

எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. பந்தயக் குதிரை வளர்ப்போர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். சிரிக்கலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சின்ன வயதில் ஒரு தடவை ஏறினேன். அது இரண்டு எட்டு வைப்பதற்குள் இறங்கிவிட்டேன்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கியது இந்தக் காகிதம். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் எழுத்தர் எழுதிய நாலு பக்கத்தையும் படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட முற்றுப்புள்ளி இல்லை. படிக்கிற மனுஷனுக்கு மூச்சு வாங்காதா? அதனால்தான் நானே எழுதுகிறேன். வேறு வருத்தம் எதுவும் இல்லை.

முதலில் சங்கத்தைப் பற்றி. எங்கள் வட்டாரத்தில் குதிரைப் பண்ணை வைத்திருப்பவர்கள் பதினெட்டுப் பேர். ஒருவர் எண்ணெய் ஆலைக்காரர், ஒருவர் பஸ் முதலாளி, ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. குதிரைக்கு எத்தனை பல் என்று கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். கூட்டத்துக்கு வந்தால் பிஸ்கட் தட்டு காலியாகும்வரை இருப்பார்கள். இவர்களை வைத்துக்கொண்டுதான் நான் இந்தத் தொழிலை நாலு நாட்டுக்குத் தெரியும்படி செய்தேன். கண்காட்சி, ஏலம், வண்ணப் புத்தகம், பண்ணைகளுக்குத் தார்ச் சாலை எல்லாம் என் வேலை. கடைசியாக, பதினெட்டுப் பேரையும் கெஞ்சியும் மிரட்டியும் வெளிநாட்டிலிருந்து, பெட்டைக் குதிரைகளோடு சேர்க்க ஒரு பொலிகுதிரையை வரவழைத்தேன். அதன் அப்பனும் பாட்டனும் பெரிய பந்தயங்களில் ஓடி ஜெயித்தவை. அதன் முதல் குட்டி எப்படி அமைகிறதோ அப்படித்தான் எங்கள் வட்டாரத்தின் பெயரும் அமையும்.

இங்கே உங்களுக்கு ஒரு விதியை விளக்க வேண்டும். பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் பிறந்தநாள் ஒன்றுதான், ஜனவரி முதல் தேதி. எந்த மாதம் பிறந்திருந்தாலும் அன்றைக்கு ஒரு வயது கூடிவிடும். ஜனவரி ஒன்றில் பிறந்த குட்டிக்கு வளர முழு வருடம் கிடைக்கும். அதற்கு முந்தின நாள் பிறந்ததற்கோ, மறுநாளே ஒரு வயது முடிந்துவிட்டது என்று காகிதம் சொல்லும். பிறகு அது தன்னைவிட ஒரு வருடம் மூத்த குதிரைகளோடுதான் ஓட வேண்டும். எங்கே ஜெயிப்பது? அதை வாங்க ஒரு ஆள் வரமாட்டான். பெட்டைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம். அதனால் பிப்ரவரி பாதி தாண்டாமல் பெட்டையைப் பொலிகுதிரையிடம் விடக் கூடாது. தொழிலுக்கு வந்த முதல் நாள் எல்லோரும் படிக்கிற பாடம் இது.

நாங்கள் பிப்ரவரி நாலாம் தேதியே விட்டோம். விடச் சொன்னது நான். அன்றைக்கு வெளிநாட்டு வாங்குவோர் ஆறு பேர், ஒரு துணை அமைச்சர், அவருடைய மச்சான், இரண்டு டிவிக்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைத்தார்கள். பொலிகுதிரையைச் சும்மா நடத்திக் காட்டினால் அவர்களுக்கு என்ன புரியும்? துணை அமைச்சரின் மனைவி விரலால் கண்ணை மூடிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார். மறுநாள் எல்லாச் செய்தியிலும் எங்கள் பண்ணை வந்தது. என் தம்பி மட்டும்தான் பக்கத்தில் வந்து, "அண்ணா, கணக்கு இடிக்குது. இது டிசம்பர்லயே ஈனிரும்" என்றான். முன்னே பின்னே ஆகும், நீ சாணியை அள்ளு என்றேன்.

தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன். சங்கத்தின் பண்ணையில் லாயத்துக்கு அவன்தான் பொறுப்பு. வேலையும் நான் வாங்கிக் கொடுத்ததுதான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று விருந்துகளில் என் தோளைத் தட்டுவார்கள். எனக்கு வாய்த்த தம்பியை ஒரு கோழிக்கூட்டுக்குக்கூடக் காவல் வைக்க முடியாது. நரி வந்து வழி கேட்டால் நின்று சொல்லிவிட்டு வருவான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. அதைப் பெரிய குணம் என்பார்கள், எனக்கு அது ஒரு ஊனமாகத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் உடைத்த ஜன்னலுக்கு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, நான் அடி வாங்கும்போது பக்கத்தில் நின்று அவனும் அழுதான்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலையில் பெட்டையின் காம்பு நுனியில் மெழுகு போலக் கட்டியிருந்தது. அப்படிக் கட்டினால் ஒரு நாளுக்குள் ஈனும். வேலையாட்களுக்கு வருடக் கடைசி என்று மத்தியானத்தோடு லீவு கொடுத்து அனுப்பினேன். தம்பியும் நானும் மட்டும் இருந்தோம். குதிரை பெரும்பாலும் ஆள் அரவம் அடங்கிய பிறகு, ராத்திரியில்தான் ஈனும். நான் அதை நம்பியிருந்தேன். இந்தச் சனியன் பட்டப்பகலில், இரண்டரை மணிக்குப் படுத்துக்கொண்டது.

மூன்று மணிக்குக் குட்டி வெளியே வந்தது. ஆண் குட்டி, நீளக் கால், அகன்ற நெஞ்சு. தம்பி குட்டியின் மூக்கைத் துடைக்கக் குனிந்தபோது பெட்டை திடுதிப்பென்று எழுந்து பின்காலை வீசியது. உதை அவன் வயிற்றில், இடது பக்கத்தில் விழுந்தது. அவன் கத்தவில்லை. வைக்கோலில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, "குட்டி மூச்சு விடுதாண்ணா?" என்று கேட்டான்.

அரை மணி நேரத்தில் அவன் முகம் வெளுத்துவிட்டது. "வயிறு கல்லு மாதிரி இருக்குண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றான். ஆஸ்பத்திரி காரில் இருபது நிமிடம். வாசலில் கார் நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகவே பேசினேன்.

"போலாம். உதைச்சது பொலிகுதிரைன்னு சொல்லணும். குட்டி இன்னும் பொறக்கல. புரியுதா?"

"அது எப்படிண்ணா? அது பாவம், கட்டின இடத்துல நிக்குது. ஆளை உதைச்சுதுன்னா சுட்டுருவாங்களே."

"சுட மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

"குட்டி எப்ப பொறந்துச்சுன்னு கேட்டா?"

"இன்னும் பொறக்கலன்னு சொல்லு."

அவன் குட்டியைப் பார்த்தான். அது அதற்குள் நாலு காலையும் பரப்பி எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. "கண்ணு முன்னாடி நிக்குதேண்ணா" என்றான். "நமக்கு வேணாம்ணா இந்த வேலை. ஓடலைன்னா என்ன? அதுவும் ஒரு உசுருதான், வளர்ந்துட்டுப் போகட்டும்."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. பதினெட்டுப் பண்ணை, முந்நூறு குடும்பம், என் இருபத்திரண்டு வருடம் எல்லாம் அவனுக்கு வளர்ந்துவிட்டுப் போகிற ஒரு குட்டி. எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்து செய்தேன் என்று உங்கள் எழுத்தர் எழுதியிருப்பது தவறு. அவன் மேல் எனக்கு இருந்தது அலுப்புதான், அது சின்ன வயதிலிருந்தே உண்டு.

அவன் போனைச் சார்ஜ் போடுகிறேன் என்று வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். எங்கள் குதிரைகளைப் பார்க்கும் டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார் என்று அவனிடம் சொன்னேன். குதிரைப் போர்வை இரண்டைப் போர்த்திவிட்டேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். நான் அவனைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து மணிக்கு அவன் மனைவி எனக்கே போன் செய்தாள். "மாமா, அவர் போன் எடுக்க மாட்டேங்குறாரு. சாப்பிட்டாரா?" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சாப்பாட்டைத் தவிர உலகத்தில் வேறு விஷயமே கிடையாது. சாப்பிட்டான், பெட்டைக்கு வலி எடுக்கிற மாதிரி இருக்கிறது, காலையில்தான் வருவான் என்றேன். "வயித்தைக் காயப்போடாம பார்த்துக்குங்க மாமா" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். குட்டி பன்னிரண்டு பத்துக்குப் பிறந்தது, அப்போதுதான் உதைத்தது, ஆள் அங்கேயே போய்விட்டான் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். குட்டியைப் பதிவு செய்ய அந்த ராத்திரியே வந்த டாக்டரம்மா மட்டும் அழுதுகொண்டே அதன் காலைத் தூக்கிப் பார்த்தார். பிறந்த குட்டியின் குளம்பு நுனியில் ரப்பர் போல மெத்தென்று ஒரு உறை இருக்கும், தாயின் வயிற்றைக் கீறாமல் இருக்க. எழுந்து நடக்க ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் தேய்ந்துபோய்விடும். இந்தக் குட்டிக்கு முழுக்கத் தேய்ந்து, குளம்பு கெட்டியாகியிருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் பிறந்த குட்டி இப்படி இருக்காது என்று அவர் உங்களுக்குப் போன் செய்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. குதிரைகளின் காகிதத்தைத்தான் நான் இருபத்திரண்டு வருடம் பார்த்தேனே தவிர, காலைக் குனிந்து பார்த்ததில்லை.

இதுவரை நான் உங்களிடம் சொல்லிவந்தது ஒன்றுதான்: தேதி மாறட்டும் என்று காத்திருந்தேன், காத்திருந்த நேரத்தில் அவன் போய்விட்டான். அசட்டை என்று சொல்லலாம், கொலை ஆகாது. நேற்று நீங்கள் டீ குடித்துக்கொண்டே, "தேதி மாறினா உங்க தம்பி வாயும் மாறிடுமா?" என்று கேட்டீர்கள். உங்களிடமிருந்து அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. உங்களைக் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

மாறாது. பன்னிரண்டு மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் அவன் கண்ணைத் திறந்ததும் முதல் ஆளிடமே மூன்று மணி என்று சொல்லியிருப்பான். எனக்கு அது குட்டி எழுந்து நின்றபோதே தெரியும். நான்கு மணிக்கு முன்னாலேயே தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு நான் தேதிக்காகக் காத்திருக்கவில்லை, அவனுக்காகத்தான் காத்திருந்தேன்.

அவன் நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரனாக இருந்தான். பன்னிரண்டு ஐந்துக்குக் கண்ணைத் திறந்தான். கடிகாரம் அவன் தலைக்கு மேலே சுவரில் இருந்தது, அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"மணி பன்னெண்டு ஆச்சாண்ணா?" என்று கேட்டான். "பன்னெண்டு ஆயிட்டா போயிரலாம்ல? உனக்கும் கஷ்டம் இல்ல."

"இன்னும் பத்தரைகூட ஆகலடா. தூங்கு" என்றேன்.

"சரிண்ணா" என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டரை ஆகும்வரை பிடித்திருந்தான். அவன் விட்ட பிறகும் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போன் செய்தேன்.

என் தம்பியைக் கொன்றது நான்தான். இதில் ஒரு வரியையும் மறைக்கவில்லை. என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: அவனிடம் நான் பொய் சொன்னது வாழ்க்கையிலேயே அந்த ஒரு நாள்தான்.