மூணு பேரும் எழுதாத காரணம்

இல்லைங்க இன்ஸ்பெக்டர் மேடம், அது புகார் இல்ல. கட்டுரை. காலேஜ்ல பாடத்துக்கு எழுதினது. வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, எங்க டீச்சர், அவங்கதான் பதறிப்போய் உங்க ஸ்டேஷன்ல கொண்டாந்து குடுத்துட்டாங்க.

ஆமாங்க, இந்த வயசுலதான். பிள்ளைங்க ஸ்கூல் போனதும் வீட்ல சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணுமேன்னு போய்ச் சேர்ந்தேன்.

கட்டுரைன்னா நம்ம இஷ்டத்துக்கு எழுதுறது இல்லைங்க. மூணு பேர் எழுதினதைக் குடுப்பாங்க. ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் சொல்றதோட மோதவிட்டு, கடைசில நாம என்ன சொல்றோம்னு வரணும். தலைப்பும் அவங்க குடுத்ததுதான். அடி வாங்குற பொம்பளைங்க ஏன் வீட்டை விட்டுப் போறதில்ல? டாக்டர் ஒருத்தர் பயம்ங்கிறாரு. வக்கீலம்மா, போக்கிடம் இல்லைங்கிறாங்க. ஒரு புரொபசர், பிள்ளைங்களுக்காகங்கிறாரு. மூணு பேரையும் வரிசையா நிக்கவச்சு எழுதிக் குடுத்தேன். டீச்சர் சிவப்பு மையில சுழிச்சுத் திருப்பிட்டாங்க. மூணு பேரும் அவங்கவங்க பாட்டுக்குப் பேசுறாங்க, இதுல நீங்க எங்கன்னு.

நான் எங்கன்னா என்னத்தைச் சொல்ல?

திருத்தினேன். பயந்து கிடக்கிறவ எப்படிப் போக்கிடம் தேடுவா, பிள்ளைங்க இருந்தா பயம் கூடுமா குறையுமான்னு கோத்து எழுதினேன். பரவால்லன்னாங்க. ஆனா சொந்தமா ஒரு வரி இல்லையாம். சரின்னு ஒரு பத்தி சேர்த்தேன். மூணு பேரும் எழுதாத காரணம் ஒண்ணு இருக்கு. அடிச்ச மறுநாள் அவர் ரொம்ப நல்லவரா இருப்பாரு. சீப்பை எடுத்துட்டு வந்து, வீங்கின இடத்துல படாம, சிக்கெடுத்துத் தலை வாரி விடுவாரு. அதுக்காகவே ஒருத்தி இருந்துடுவான்னு எழுதினேன்.

ஓரத்துல எழுதிட்டாங்க, ஆதாரம் எங்கேன்னு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு மேடம். ஒருத்திங்கிறதை அடிச்சுட்டு நான்னு போட்டேன். அவ்வளவுதான் திருத்தம். அதுக்குத்தான் வகுப்புலயே பெரிய மார்க்கு.

பேர் சொல்லாம வாசிக்கிறேன்னாங்க. பேர் எதுக்கு? அந்த வகுப்புல கல்யாணமானவ நான் ஒருத்திதான், எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு. வாசிச்சு முடிச்சதும் கை தட்டினாங்க. கை தட்டுற விஷயமாங்க அது?

அதுல ஒரு பொண்ணு எங்க தெரு. அவ அம்மாகிட்ட சொல்ல, அம்மா அப்பாகிட்ட சொல்ல, அந்த ஆளு எங்க வீட்டுக்காரரை வழியில பார்த்து, என்னப்பா, வீட்டம்மா உன்னைப் பத்திதான் எழுதுறாங்களாமேன்னு பல்லைக் காட்டியிருக்காரு.

வந்தாரு. சத்தம் போடல. கட்டுரையைக் கேட்டு வாங்கி, விளக்கடியில உக்காந்து கடைசி வரைக்கும் படிச்சாரு. இத்தனை வருஷத்துல நான் எழுதின எதையும் அவர் படிச்சதில்லைங்க, மளிகைச் சீட்டைத் தவிர. எனக்கு, வெக்கத்தை விட்டுச் சொல்றேன், என்ன சொல்லுவாரோன்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசைகூட இருந்துச்சு.

நல்லாத்தான் எழுதியிருக்கேன்னாரு. அப்புறம், எந்தக் கையால எழுதினேன்னு கேட்டாரு.

சரி, புகார்னே வச்சுக்குங்க. கையெழுத்துதானே? பேனாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வைங்க மேடம். இடது கையில போட்டாச் செல்லும்ல?