காலி ரூமோட சத்தம்

…சரி, பேசல. பேசக்கூடாதுன்னா பேசக்கூடாது, அவ்வளவுதானே? அதுக்கு ஏன் தம்பி பல்லு வலிக்காரன் மாதிரி வாயில விரல வச்சுட்டு உக்காந்திருக்க? எனக்கென்ன, பேசியே தீரணும்னு வேண்டுதலா? என் வீடு, என் ஹாலு, என் நாற்காலி… இதுல நான் மூச்சு விட உன்கிட்ட உத்தரவு வாங்கணுமாம். நல்லா இருக்கு!

இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். காலி ரூமோட சத்தத்தப் புடிக்கணும்னு சொன்னியே, காலி ரூமுல என்னப்பா சத்தம் இருக்கும்? ஆளு இருந்தாத்தானே சத்தம்? ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு அமைதி இருக்காம், அத எடுத்துட்டுப் போயி படத்துல வசனத்துக்கு நடுவுல நடுவுல பூசணுமாம், செவுத்து ஓட்டைக்கு சிமென்ட்டு பூசுற மாதிரி. படிச்சு பட்டம் வாங்கிட்டு, இந்த மைக்க… இது என்ன, பூனக்குட்டிய குச்சில கட்டி வச்ச மாதிரி… இத ஆளில்லாத நாற்காலி மூஞ்சிக்கு முன்னாடி நீட்டிட்டு உக்காந்திருக்க. உங்கம்மா பாத்தா மனசு என்ன பாடு படும்! கல்யாணம் ஆயிடுச்சா? …தலைய ஆட்டுற. ஆமாவா இல்லையான்னே புரியல.

ஃப்ரிட்ஜா? ஆமா, நாந்தான் போட்டேன். நீ நிறுத்திட்டு இந்தப் பக்கம் வந்த, நான் அந்தப் பக்கம் போயி போட்டுட்டேன். உள்ள பாலு இருக்கு தம்பி! ஃபேன நிறுத்துன, சரின்னு விட்டேன். மனுசன் வேர்த்தா கெட்டுப்போக மாட்டான், பாலு கெட்டுப்போகுமே. …எந்திரிச்சுட்டியா? போ, போயி நிறுத்து. …வந்தாச்சா? டீய குடி, ஆறுது. உறிஞ்சுற சத்தமும் அந்த மிஷின்ல விழுமா? அதுல செவப்பா ஒரு லைட்டு எரியுதே, சார்ஜு இல்லையோ என்னமோ, பாத்துக்கோ. இனிமே நான் வாயத் தொறக்கல.

…

இதுக்கெல்லாம் காரணம் என் தங்கச்சி மவன்தான், வேற யாரு! ஒருநாள் வந்து நிக்குறான், "பெரியம்மா, உங்க வீட்டுல ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"ன்னு. பாட்டு உண்டாடான்னேன். இல்லன்னான். சண்டை? அதுவும் இல்லையாம். அப்ப என்னதான்டா இருக்கு உன் படத்துலன்னு கேட்டா, "சிரிப்பு மட்டும்தான் பெரியம்மா, மத்ததுக்கெல்லாம் காசு வேணும்"ங்குறான். எனக்கும் புருஷன் போனதுல இருந்து வீடு வெறிச்சுனு கெடந்துச்சா, சரி, புள்ளைங்க வந்து போகட்டுமேன்னு தலைய ஆட்டுனேன். ஆட்டுன தல இன்னும் நிக்கல.

கதைய உன்கிட்ட சொன்னானா? ஒரு திருடன் வீட்டுக்குள்ள நுழையுறான். வீட்டுக்காரங்க அவன வாஷிங்மெஷின் ரிப்பேர்காரன்னு நெனச்சு, "வாப்பா, ஏன் இவ்வளவு லேட்டு"ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி வேல வாங்குறாங்க. மெஷினு ஆச்சுன்னா கொழாயி, கொழாயி ஆச்சுன்னா சுவிட்சு. கடைசியில அவன் ஒண்ணத்தையும் திருடாம, எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, இடுப்பப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறான். அவ்வளவுதான். எல்லாமே ஒரே மத்தியானத்துல நடக்குதாம். அந்த ஒரு மத்தியானத்த மாசக்கணக்கா எடுக்குறாங்க! எல்லாருக்கும் உத்தியோகம் இருக்கு, ஞாயித்துக்கெழமைதானே வர முடியும்?

இதுல எனக்கும் ஒரு வேஷம். என்ன வேஷம் தெரியுமா? தூங்குற வேஷம்! படம் பூரா நான் இந்த நாற்காலியில தூங்கிட்டே இருக்கணுமாம். எனக்கு வசனம் கெடையாதாடான்னு கேட்டேன். "குறட்ட இருக்கு பெரியம்மா"ங்குறான். அதையும் நான் விட வேண்டாமாம், நீ பின்னாடி தனியா சேத்துக்குவியாம். யாரு குறட்டப்பா அது? …சிரிக்காத, கேக்குறேன்ல!

திருடனா நடிக்கிறது அந்த நெட்டப் பையன். பாவம், மொத நாளே "திருடன் திருடன்"னு இவங்க ஒத்திகைக்குக் கத்துனாங்களா, கீழ் வீட்டம்மா நெசம்னு நெனச்சு தொடப்பத்தோட மாடியேறி வந்து, நெட்டைய ஒரு வாங்கு வாங்கிட்டா. இவன் முதுகத் தடவிக்கிட்டு நிக்கிறான், என் தங்கச்சி மவன் "சூப்பர்! அப்பிடியே இன்னொரு வாட்டி அடிங்க அக்கா"ங்குறான். அந்த அடி படத்துல அப்பிடியே இருக்கு. நீ வேணா பாரு, நெட்ட மூஞ்சில அந்த ஒரு எடத்துலதான் நெசமான நடிப்பு வந்திருக்கும்.

ஆனா ஒண்ணு தம்பி. சிரிக்க வைக்கிறதுல கெட்டிக்காரங்கதான், இல்லங்கல. சுத்தம்? மருந்துக்கும் கெடையாது! டீய பாதி குடிச்சுட்டு கிளாஸ அப்பிடியே இந்த மேசை மேல வச்சுட்டுப் போயிடுவாங்க. ஈ மொய்க்கும். நான் கழுவிக் கவுத்தி வைப்பேன். திரும்பி வந்து, கவுத்துன கிளாஸ நிமித்தி, மறுபடி பாதி டீய ஊத்தி, அதே எடத்துல வைப்பாங்க! குடிக்கவும் மாட்டாங்க! இது என்ன வியாதியோ? அந்த நெட்டையோட சட்ட இருக்கே… ஒரே சட்ட. நெஞ்சு பூரா கிரீஸு. அத ஆணியில மாட்டிட்டுப் போயிடுவான், அடுத்த வாரம் வந்து அதையே போட்டுக்குவான். பெத்தவ பாத்தா வயிறு எரியாதா? நான் சோப்பு போட்டு, பிரஷ்ஷால தேச்சு, இஸ்திரி போட்டு, ஒரு வார்த்த சொல்லிக் காட்டாம அதே ஆணியில மாட்டி வைப்பேன்.

அந்தக் கடிகாரம்… மூணு மணியிலயே நின்னுபோச்சு. யாருக்காவது ஒரு பேட்டரி வாங்கிப் போடணும்னு தோணுச்சா? நாந்தான் கடைக்கிப் போயி வாங்கிட்டு வந்து, ஸ்டூல்ல ஏறி, முட்டி கடகடன்னு ஆட, போட்டேன். நன்றின்னு ஒரு சொல்லு? ம்ஹூம்.

எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான், நன்றியே கெடையாது. தட்ட வச்சுட்டு விக்கலுக்குத் தண்ணி எடுக்கத் திரும்புவாரு, திரும்பிப் பாத்தா தட்டக் கழுவியிருப்பேன். "இந்த வீட்டுல நான் சாப்புடுறனா, இல்ல ரேஸ் ஓடுறனா?"ம்பாரு. கண்ணாடியக் கழட்டி வைக்கவே பயப்புடுவாரு மனுசன். தூங்குறப்பகூட போட்டுட்டுத்தான் தூங்குனாரு. கேட்டா, "கழட்டுனா நீ எடுத்து பத்திரமா வச்சுடுவ, அப்பறம் நான் தேடணும்"ம்பாரு. நல்ல மனுசன். வாயிதான் கொஞ்சம் அதிகம்.

…என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், குருவி.

குருவிய நீ பாத்ததில்லல்ல? நீ வர்றதுக்கு முன்னாடியே போயிட்டா. துளியூண்டு பொண்ணு, கண்ணு மட்டும் நாலு ஆளுக்கு ஆகும். அதான் குருவின்னு கூப்புடுறது. அவளும் என் தங்கச்சி மவனும் பள்ளிக்கூடத்துல இருந்து ஒண்ணாத் திரியுறவங்க. படத்துல இருக்குற ஜோக்குல முக்கால்வாசி அவளோடதுதான், இவன் பேருதான் போடுவாங்க. அவளுக்கு வேல என்னன்னா… மொத சீன்ல கிளாஸு எந்தக் கையில இருந்துச்சு, எந்தப் பித்தான் தொறந்திருந்துச்சு, எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருந்து, அடுத்த வாரமும் அப்பிடியே இருக்கான்னு பாக்கணும். ஒரே மத்தியானம்ல? மாறக்கூடாதாம். நான் வளையல மாத்திப் போட்டா வாசல்லயே கண்டுபுடிச்சுடுவா. "பெரியம்மா, தூங்குறப்ப வளையல் மாத்துவீங்களா?"ன்னு சிரிப்பா.

அவ வேல பாக்குற ஆபீஸ்ல ஞாயித்துக்கெழமை டூட்டி போட்டுட்டாங்கன்னா, சனிக்கெழமை சாயங்காலமே வந்து, ஒவ்வொண்ணா அது அது எடத்துல வச்சுட்டு, பசங்களுக்கு ஃபோனப் போட்டு, "எல்லாம் வச்சாச்சு, எதையும் மாத்தாதீங்க, அப்பிடியே எடுங்க"ன்னு சொல்லிட்டுப் போவா. என்கிட்டயும் சொல்லுவா, "பெரியம்மா, எதையும் தொடாதீங்க"ன்னு. நான் சரிம்மான்னு சொல்லுவேன்.

போன வாரம் எடுத்ததையெல்லாம் ஒட்டி, இதே மேசையில கம்ப்யூட்டர வச்சுப் போட்டுப் பாத்தாங்க. நான் உள்ள அடுப்படியில இருக்கேன். மொதல்ல ஒரே சிரிப்பு. எனக்கே சந்தோசமா இருந்துச்சு, வீடு பூரா சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு! அப்பறம் திடீர்னு கப்சிப். எட்டிப் பாத்தா எல்லா மூஞ்சியும் செத்துப்போயிருக்கு. என்னான்னா, திருடன் அழுக்குச் சட்டையோட மெஷின் முன்னாடி குனியுறானாம், நிமிந்தா சட்ட வெள்ள வெளேர்னு இஸ்திரி போட்டு இருக்காம். மேசை மேல பாதி டீ இருக்காம், கண்ண மூடித் தொறந்தா கிளாஸே இல்லையாம். கடிகாரத்துல மூணு மணியாம், அடுத்த நிமிசம் பதினொண்ணாம்!

என் தங்கச்சி மவன் அவ மேல பாஞ்சுட்டான். "உன்ன நம்பித்தானே விட்டேன், உனக்கு இது வெளையாட்டு, எனக்கு இதுதான் வாழ்க்க"ன்னுட்டான். அந்தப் பொண்ணு, "நான் வச்சுட்டுத்தான்டா போனேன்"ன்னு ஒரே ஒரு வாட்டி சொன்னா. அவன் காதுல வாங்கல. என் வீட்டுச் சாவி ஒண்ணு அவகிட்ட இருந்துச்சு, அத செருப்பு ஸ்டாண்டு மேல வச்சுட்டுப் போயிட்டா. அதுக்கப்பறம் ஃபோன எடுக்கல.

இவன் என்ன பண்றான்? கடைசி சீனு பாக்கி இருக்கு, எடுக்க மாட்டேங்குறான். இரவலா வாங்குன இந்த மைக்கு சாமானத் திருப்பிக் குடுக்கணுமேன்னு உன்ன மட்டும் அனுப்பிட்டு, கீழ படிக்கட்டுல உக்காந்திருக்கான். படத்தையே விட்டுடப் போறானாம். ஏன்டான்னு கேட்டா என்ன சொல்றான் தெரியுமா? "சீனு நல்லா வந்துச்சான்னு நான் கேமராவப் பாத்ததே இல்ல பெரியம்மா. அவ மூஞ்சியத்தான் பாப்பேன். அவ சிரிச்சா ஓகே. இப்ப எதப் பாத்து ஓகே சொல்றது?"ங்குறான். லூசுப் பய! இத அவகிட்ட சொல்ல வேண்டியதுதானே, என்கிட்ட வந்து சொல்லுது.

எனக்கு ஆறவே இல்ல தம்பி. அந்தப் பொண்ணா கவனமில்லாதவ? அவ சனிக்கெழம வச்சுட்டுப் போனத என் கண்ணால பாத்தேனே! அப்ப ராத்திரிக்குள்ள எவனோ பூந்து மாத்தியிருக்கான். யாரு பூந்திருப்பா? கதவ நாந்தான் பூட்டுறேன். சட்டைய யாரு தொவச்சிருப்பா… கிளாஸ யாரு கழுவி… கடிகாரத்துக்கு யாரு…

…

…

அடியாத்தி.

இல்ல… இரு. அவ எதையும் தொடாதீங்கன்னு சொன்னா. சரி. ஆனா அது மத்தவங்களுக்குச் சொன்னதில்ல? எல்லாரையும் பாத்துப் பொதுவா சொல்றது. வீட்டுக்காரிய சொல்லுமா? அதோட நான் எங்க தொட்டேன்? தொடச்சேன்! ஈ மொய்ச்சா தொடைக்க மாட்டாங்களா? அழுக்குச் சட்டையத் தொவைக்கிறது ஒரு குத்தமா? ஊரு உலகத்துல எவளும்… எவளும்…

தம்பி, நீ இத யார்கிட்டயும் சொல்லிடாத. என்ன? நீதான் பேசவே மாட்டியே, நல்ல புள்ள. நம்ம ரெண்டு பேருக்குள்ள… தம்பி?

எங்க போயிட்ட? கடிகாரத்தப் பாத்துத் திரும்புறதுக்குள்ள ஆளக் காணோம்! மைக்க மட்டும் நட்டு வச்சுட்டுப் போயிட்டானே. சத்தம் போடாமப் போறதும் இவனுக்குத் தொழிலு போல.

இந்த செவப்பு லைட்டு இன்னும் எரியுதே. நம்பரு வேற ஓடுது… ஓடிட்டே இருக்கு…

ஓ. சார்ஜு இல்லன்னு அர்த்தம் இல்ல. மொதல்ல இருந்தே எல்லாம் விழுந்துட்டு இருக்குன்னு அர்த்தம்.

பட்டன அமுக்குனா நின்னுடும்னு நெனைக்கிறேன். இதுவா, இதுவா… இந்தப் பெருசா?

…

இல்ல. விடு. இதையும் தொட்டுத் தொலைக்கல.

தம்பி, திரும்பி வந்தா இத குருவிகிட்ட போட்டுக் காட்டிடு. குருவி… கேக்குதாம்மா? பெரியம்மாதான். பூனக்குட்டிகிட்ட வாய வச்சுப் பேசுறேன். எல்லாம் கேட்டிருப்ப, திரும்பச் சொல்ல வைக்காத, எனக்கு வெக்கமா இருக்கு. கீழ படிக்கட்டுல ஒரு லூசு உக்காந்திருக்கான், அவன நீ நல்லாத் திட்டு, நான் குறுக்க வர மாட்டேன். அப்பறம் என்னையும் திட்டு. அந்தச் சாவி செருப்பு ஸ்டாண்டு மேலதான் இருக்கு. அது தூசியக்கூட தட்டல, சத்தியமா.

இந்த சவுண்டுக்காரன் டீய பாதி குடிச்சுட்டு கிளாஸ மேசை மேலயே வச்சுட்டுப் போயிட்டான். நான் எடுக்கல. அடுப்படிக்கே போகல. நாற்காலியில, என் வேஷத்துல உக்காந்துட்டேன். நீ வந்து பாரு, வச்சது வச்ச எடத்துலயே இருக்கும்.

…ஒரு ஈ வந்து உக்காருது.

…

உக்காரட்டும்.