ஐயா மணி அடிக்கவில்லை

ஒட்சிசன் இயந்திரம் கூவத் தொடங்கியபோது நான் குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். அன்று காலை ஜான்-டலோன் சந்தையில் வாங்கியது, நல்ல பிஞ்சு. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அறைக்குப் போனேன். மூச்சு முட்டுகிறவருக்கு முன்னால் ஓடக் கூடாது. ஓடி வருகிறவரைக் கண்டால் அவருடைய பயம் இரட்டிப்பாகிவிடும்.

ஐயாவின் மருமகள் நிருஷா எனக்கு முன்பே ஓடிப்போய் இயந்திரத்தின் பொத்தான்களையெல்லாம் அமத்திக்கொண்டிருந்தாள். சிவநேசம் ஐயா கட்டிலில் சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் அவரை நிமிர்த்தி இருத்தி, கால்களைக் கீழே தொங்கவிட்டேன். பிறகு கட்டிலின் சில்லுச் சக்கரத்துக்கு அடியில் நசிந்திருந்த ஒட்சிசன் குழாயை இழுத்து எடுத்தேன். கூவல் நின்றது.

"என்னைப் பாருங்கோ ஐயா. மூக்காலை இழுங்கோ. மெழுகுதிரி ஊதுற மாதிரி வாயாலை மெல்ல விடுங்கோ."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியின் தடம் இப்போதும் இருக்கிறது, பாருங்கள். நிருஷா அழுதபடி, "அக்கா, நீங்கள் இல்லாட்டி மாமா இண்டைக்கே போயிருப்பார்" என்றாள்.

குழாய் எப்படிச் சில்லுக்கடியில் போனது என்று கேட்கிறீர்கள். மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

ஐயாவுக்கு நுரையீரலும் பழுது, இதயமும் பலவீனம். இதயம் ஒழுங்காக இறைக்காவிட்டால் காலில் நீர் கட்டும். பிறகு அது நெஞ்சுக்கு ஏறும். அதனால் அவருக்கு உப்பு ஆகாது. காலையில் நிறை பார்ப்பது, கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பது, தலையணையை உயர்த்துவது எல்லாம் என் வேலை. அவருடைய மகன் ரதீசன் என்னை வீட்டோடு வைத்துக்கொண்டான். மூச்சு முட்டினால் அடிப்பதற்கென்று ஒரு சின்ன மணியை நான்தான் ஐயாவின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன்.

மூச்சுக்குத் தவிக்கிற ஒருவரின் கண்ணை நீங்கள் கிட்ட நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். பெற்ற மகன் பக்கத்தில் நின்றாலும் ஐயாவின் கண் என்னைத்தான் தேடும். என்னை அப்படி வேறு யாரும் தேடியதில்லை.

பிறகு அவருக்குச் சுகமாகத் தொடங்கியது. கால் வீக்கம் வற்றியது. மூலைக் கடை வரைக்கும் நடந்தார். கிளினிக்கிலிருந்து வரும் தாதி லக்சனா, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அவருக்கு 'பிராவோ' சொல்லிக் கை தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்கள் வடிவாப் பாத்தபடியால்தான் ஐயாவுக்கு இனி ஆள் தேவையில்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்காக அல்ல, அவருக்காகத்தான் பயந்தேன். நாளைக்கு மூச்சு முட்டினால் யாரைத் தேடுவார்? அவர் இன்னும் வருத்தக்காரர்தான், நோய் மாறவில்லை என்பது இவர்களுக்குத் தெரியவில்லை. தெரிய வைக்க வேண்டியிருந்தது.

அவருடைய கஞ்சியில் உப்புப் போட்டேன். முதல் நாள் அவருக்குச் சந்தோஷம். கனகாலத்துக்குப் பிறகு வாய்க்கு ருசி என்றார். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்றேன். லக்சனா அறிந்தால் எங்கள் இரண்டு பேரையும் தூக்கில் போடுவாள் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கிழமையே கால் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியது. எங்கிருந்து உப்புப் போகிறது என்று லக்சனா விசாரித்தாள். நிருஷா வீட்டிலிருந்த ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாள். ஐயா என்னைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்காத மனிதர் என்று நினைத்தேன். என்னைப் போக வேண்டாம் என்று ரதீசனே கேட்டான். டாக்டர் நீர் போகிற மாத்திரையைக் கூட்டினார். நான் உப்பைக் கூட்டினேன்.

பிறகு ஐயா கோப்பையைத் தள்ளத் தொடங்கினார். "வேண்டாம் பிள்ளை, காணும்" என்பார். சாப்பிடாவிட்டால் எப்படித் தெம்பு வரும்? கரண்டியால் நானே தீத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அதற்குப் பிறகு எவ்வளவு மூச்சு முட்டினாலும் அவர் மணி அடிக்கவில்லை. எனக்குச் சிரமம் தரக் கூடாதென்ற கரிசனை அது. முன்பு லவாலில் ஒரு வீட்டில் நான் பராமரித்த அம்மாவும் கடைசி நாட்களில் இப்படித்தான் மணி அடிக்காமல் அமைதியாகிவிட்டார். அந்த அம்மாவிடம் எனக்கு அளவு பிடிபடவில்லை. ஐயாவிடம் கவனமாக இருந்தேன்.

பிறகு நிருஷா வேலைக்கு லீவு போட்டு, ஐயாவின் கஞ்சியைத் தானே காய்ச்சத் தொடங்கினாள். அதனால்தான் குழாய். கட்டிலை மெல்லத் தள்ளிச் சில்லை அதன்மேல் ஏற்றினேன். ஐயா கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்று நினைத்தேன். குசினிக்குப் போய்ப் பயற்றங்காயை எடுத்தேன். கொஞ்ச நேரம்தான், இவர்கள் பயப்படும் வரைக்கும்.

குழாயை எடுத்ததும் மூச்சு திரும்பியது. ஆனால் இந்த முறை இதயம் ஒத்துழைக்கவில்லை. அம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். நான் வெளியே நின்றேன். ஒரு கையில் அவருடைய கண்ணாடி, மறு கையில் நானே காய்ச்சிய கஞ்சிப் பிளாஸ்க். விழித்ததும் என்னைத்தான் தேடுவார் என்று தெரியும். உள்ளே மூச்சுக் கவசத்தை விலக்கும் சத்தம் கேட்டது. ரதீசன் மெதுவாக, ஜெயனி அக்கா வெளியில் நிற்கிறா, கூப்பிடவா என்று கேட்டான்.

ஐயாவின் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"தம்பி, நான் முழிச்சிட்டன் எண்டு அவவுக்குச் சொல்லாதை."