இரண்டு அங்குல வயர்

நாலு சில்லும் இழுக்கும் பழைய கெப் வண்டி ஒன்றில் ஒட்டோ கியர்பொக்ஸ் மாற்ற எனக்கு இரண்டு நாள் போதும். கனமூலையில் என் கராஜுக்கு வருகிறவர்களுக்கு இது தெரியும். வேலையைக் குறையாக விடாதவன் என்று எனக்குப் பெயர்.

கல்பிட்டியில் படகு வைத்திருந்த நஸீர், மலிவாக ஒரு கெப் வாங்கிக் கொண்டுவந்தான். கியர் வழுக்கியது. எலுவன்குளத்தில் மரத்தில் மோதிக் கிடந்த அதே இனக் கெப்பிலிருந்து ஒரு கியர்பொக்ஸைக் கழற்றி வந்தேன். அந்தக் கெப் சில வருடம் பிந்தியது. எல்லாம் பொருந்தின, ஒரு பிளக்கைத் தவிர. கியரில் கிடக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சின் பிளக் அது. பழைய கியர்பொக்ஸின் சுவிட்சைக் கழற்றிக் கொண்டுவந்ததில் பூட்ட வேண்டும். அரை மணித்தியால வேலை.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். சுவிட்சை விட்டுவிட்டு, அதற்குப் போகும் இரண்டு வயர்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன். அப்படிச் செய்தால் எந்தக் கியரிலும் ஸ்டார்ட் ஆகும். அடுத்த கிழமை சரிசெய்யலாம் என்று நினைத்தேன்.

தொழுதுவிட்டு வந்தபோது நஸீரும் மனைவி றுஷ்னாவும் காத்திருந்தார்கள். அவள் அதுவரை கிளச் உள்ள கெப் மட்டுமே ஓட்டியவள்.

“இவக்கு மிதிக்க இனிக் கிளச் இல்ல, முபாறக் நாநா. நான் மட்டும்தான் மிச்சம்,” என்றான் நஸீர்.

“உங்கள மிதிச்சாலும் ஸ்டார்ட் ஆகமாட்டீங்களே,” என்றாள் அவள்.

மூவரும் சிரித்தோம். பிறகு அவளிடம் சொன்னான்: “பயப்பிடாத. கியர்ல கிடந்தா இது ஸ்டார்ட்டே ஆகாது. அப்பிடித்தானே நாநா?”

ஓம் என்றேன். வேலையைக் குறையாக விட்டதை அவள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

எங்கள் கரையில் ஹேண்ட்பிரேக்கை எவரும் நம்புவதில்லை. உப்புக்காற்று கேபிளைத் தின்றுவிடும். கியரில் போட்டே வாகனத்தை நிறுத்துவார்கள். றுஷ்னாவின் கையும் அப்படிப் பழகியதுதான். பத்தாம் நாள் காலை, படகை மேலே இழுப்பதற்காகக் கெப்பைக் கடலைப் பார்த்தபடி கொண்டுபோனாள். முன்னால் போகும் ட்ரைவ் கியரில் விட்டபடியே எஞ்சினை நிறுத்தினாள். சில்லுகள் மணலில் புதைந்திருந்ததால் கெப் அசையவில்லை. நஸீர் முன் கொக்கியில் கயிற்றைக் கட்டிவிட்டுக் கையைத் தூக்கினான். அவள் சாவியைத் திருப்பினாள். பழைய டீசல் என்பதால் அக்சிலேட்டரையும் மிதித்தாள். கெப் முன்னால் பாய்ந்தது. அவன் கெப்புக்கும் படகுக்கும் நடுவில் நின்றான்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. கெப்பை என் கராஜுக்கு இழுத்துப்போகப் பொலிஸார் சொன்னார்கள். லீவர் ட்ரைவில்தான் இருந்தது. அன்று மாலை வயர்த் துண்டை வெட்டி எடுத்துவிட்டுச் சுவிட்சைப் பூட்டினேன். அரை மணித்தியாலம்தான் எடுத்தது.

மறுநாள் பரிசோதிக்க வந்தவர், சுவிட்ச் சரியாக வேலை செய்வதாக எழுதினார். ஆகவே, றுஷ்னா பார்க் கியரில் ஸ்டார்ட் பண்ணி, றிவர்ஸ் என்று நினைத்து ட்ரைவுக்கு இழுத்திருக்கிறாள் என்று முடிவாயிற்று. நஸீரின் உம்மா, பேத்தி ஸம்ஹாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் நாலு மாதமும் பத்து நாளுமான இத்தா முடிந்த மறுநாள் றுஷ்னா தன் தம்பியுடன் வந்தாள். கதிரையைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை.

“என்ட கை சாவியிலதான் இருந்திச்சு நாநா. கியரத் தொடவே இல்ல. ஸம்ஹா என்னோட வர மாட்டேங்கிறா. வாப்பாவ ஏன் இடிச்சீங்க எண்டு கேக்கிறா. நீங்கதானே பூட்டின. கியர்ல கிடந்து அது ஸ்டார்ட் ஆகியிருக்க ஏலுமா?”

“ஏலாது தங்கச்சி. பதட்டத்தில கை போயிருக்கும்.”

அவள் தன் இடது கையை நீண்ட நேரம் பார்த்தாள். “அப்ப நான்தான்,” என்றாள். மறைக்காமல் சொன்னதற்காக எனக்கு துஆச் செய்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து பள்ளிவாசலில் கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். முன்னால் வரச் சொல்கிறார்கள். முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். நஸீரைக் கொன்றது நான். அதை அவள் கையில் வைத்துவிட்டவனும் நான்.

அந்த வயர்த் துண்டு என் மேசை லாச்சியில் இருக்கிறது. இரண்டு அங்குலம். பலமுறை கையில் எடுத்தும் நான் அதை எறியவில்லை. தடயத்தை அழிக்கும் அளவுக்கு நான் கெட்டவன் அல்ல.