திங்கட்கிழமையே இட்ட கையொப்பம்

என் பெயரும் முகவரியும் இணைப்புத் தாளில் உள்ளன. வயது இருபத்தாறு. மணமாகாதவள். அண்ணன், அண்ணி, அவர்களுடைய மகள் ஆகியோருடன் ஒரு வாடகை வீட்டின் மாடியில் வசிக்கிறேன். நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளாகப் பாதுகாப்புப் பரிசோதகராக வேலை செய்கிறேன். இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். சென்ற வெள்ளிக்கிழமை இதே மேசையில் நான் கொடுத்த வாக்குமூலம் பொய்.

எங்கள் தொழிற்சாலையில் நோட்டுகளின் ஓரத்தை வெட்டும் பழைய இயந்திரம் ஒன்று உள்ளது. அதன் முன்புறம் இருக்கும் இரண்டு பட்டன்களையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை கத்திக்கு அடியில் போகாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. தினமும் காலையில் நான் ஒரு பட்டனை மட்டும் அழுத்தி, கத்தி இறங்கவில்லை என்று பார்த்த பிறகு, பரிசோதனைத் தாளில் அன்றைய கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாரத்துக்கு ஒரு தாள், ஆறு கட்டங்கள். சுமார் ஓராண்டாக நான் திங்கட்கிழமையே ஆறு கட்டங்களையும் நிரப்பிவிடுவேன். மிச்சமாகும் நேரத்தில் மேசை இழுப்பறையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் புத்தகம் படிப்பேன். சென்ற வாரம் படித்தது, மனிதர் தாம் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் தாமே பொறுப்பு என்பதைப் பற்றிய புத்தகம். அதன் பெயர் வழக்குக்குத் தேவையில்லை என்று இதை எழுதும் காவலர் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அந்த இயந்திரத்தைக் கடந்து போகும்போது, இடப்பக்கப் பட்டன் அழுந்தியபடியே இருக்குமாறு அதன் மேல் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அந்த இயந்திரத்தில் வேலை செய்பவரை எல்லோரும் கட்டிங் அக்கா என்றே அழைப்போம். நான் நின்றதைப் பார்த்து அக்கா, "என்னடி கண்ணு முறைக்கிற? ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா பேப்பரை யாரு தட்டி அடுக்குறது, உன் வருங்கால மாமியாரா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். இயந்திரத்தை நிறுத்தினால், அன்றைய கட்டத்தில் ஏற்கெனவே 'சரி' என்று எழுதியிருப்பது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அதன் பிறகு என் மேசைக்குப் போனேன்.

புதன்கிழமை காலை நான் இயந்திரத்தின் பக்கம் போகவில்லை. பதினொரு மணியளவில் அலறல் கேட்டது. படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மூலையை மடித்துவிட்டே எழுந்தேன். அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. டேப் அப்படியே இருந்தது.

பிற்பகல் காவல்துறையினர் வந்து இயந்திரத்துக்குச் சீல் வைத்தார்கள். அதன் பிறகு மேலாளர் என்னைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். சீல் வைத்த இயந்திரம் வியாழன், வெள்ளி, சனியிலும் சரியாக இருப்பதாக என் கையொப்பம் சொன்னது. அவர், "என்னம்மா, ஜோசியம் பார்க்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் புதுத் தாள் ஒன்றைத் தந்தார். நான் உட்கார்ந்து, வெவ்வேறு நாட்களில் எழுதியது போலத் தெரிவதற்காக இரண்டு பேனாக்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, புதன் வரை நிரப்பினேன். இரண்டாவது பேனா என் யோசனை. பழைய தாளைக் கிழித்துப் போடச் சொன்னார். நான் கிழிக்காமல் புத்தகத்துக்குள் வைத்தேன். நல்ல எண்ணத்தில் வைத்ததாகச் சொல்ல முடியாது. ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, புதன் காலை நான் சோதித்தபோது டேப் இல்லை என்றும், அக்கா பிறகு ஒட்டியிருக்க வேண்டும் என்றும் இங்கே சொன்னேன். முழுத் தவறும் அவருடையது என்று அன்று மாலையே அவருக்கு வேலைநீக்கக் கடிதம் போனது.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். அக்கா தலை பின்னிவிடச் சொன்னார். நான் போட்ட பின்னல் கோணிக்கொண்டு போனது. "ரெண்டு கை இருந்தும் இந்த லட்சணத்துல பின்னுறியேடி" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செவ்வாக்கிழமை நீ பார்த்ததை நான் யார்கிட்டயும் சொல்லல. டேப் ஒட்டினது நான்தானே. ஒருத்தி வேலை போனது போதும்" என்றார். நான் அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

இன்று திங்கட்கிழமை. தொழிற்சாலைக்குப் போகாமல் இங்கே வந்து பழைய தாளை ஒப்படைத்திருக்கிறேன். டேப் ஒட்டியது அக்காதான். அதைப் பார்த்தும் நிறுத்தாமல் போனது நான். புதன் காலை ஒரே ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் தெரிந்திருக்கும்.

விசாரணை அதிகாரி என்னிடம், "மேனேஜர் மிரட்டி எழுத வெச்சார்னு போட்டுக்கலாம்மா. சின்னப் பொண்ணு, உனக்கும் நல்லது" என்றார். காவலர் அப்படியே எழுதவும் செய்தார். நான், "மிரட்டல சார். தாள்தான் குடுத்தார். எழுதினது நான்" என்றேன். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிற" என்று சொல்லிவிட்டு அவர் அடிக்கச் சொன்னார். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது.

காவலர் இதைப் படித்துக் காட்டுவதாகச் சொன்னார். நான் வாங்கி, முதல் வரியிலிருந்து நானே படித்தேன். இதில் உள்ளவை நான் சொன்னவை, நடந்தவை. படித்து முடித்த பிறகே கையொப்பமிடுகிறேன், இன்றைய தேதிக்கு மட்டும்.

(கையொப்பம்)